தொழில் என்ற கட்டம்

விசாவை ரத்து செய்ய
இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றாள்
டைப்பிங் சென்டர் பிலிப்பினோப் பெண்.
கொடுத்தேன்.
பாஸ்போர்ட் நகல். கொடுத்தேன்.
தொழில் என்ற கட்டத்தில்
திரை 'இல்லை' என்றது.
கடைசிப் பதினோரு வருடம்
வாப்பா என் விசாவில் இருந்தார்.
மீராசா மரைக்காயர், உறவுமுறை தகப்பன்,
வேலை செய்ய அனுமதி கிடையாது.

அனுமதியை யார் கேட்டது?
அல் நஹ்தாவில் எங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கில்
யாருடைய காருக்கு அடியிலாவது
அவர் கால்கள் தெரியும்.
முனிசிபாலிட்டி ஆள் வந்தால்
நேபாளி வாட்ச்மேன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான்.
கால்கள் உள்ளே இழுபடும்,
ஆமையைப் போல.

எழுபத்தொன்பதில் ஷார்ஜா சனாயாவில் இறங்கியவர்.
ஆகஸ்டில் ஸ்பேனரைத் தொட முடியாது,
வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்களாம்.
நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி
பிடியைக் காதில் வைப்பார்.
சுற்றி நிற்கும் பட்டாணி டிரைவர்கள்
மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.
"மூணாவது சிலிண்டர்."
அவ்வளவுதான் பேச்சு.

உம்மா இருந்தவரைக்கும் சொல்வாள்:
"எஞ்சின் முனகுனா கேட்குது,
நான் கத்துனா கேட்கலையாக்கும்."

பதினொரு பேரை விசா எடுத்து வரவழைத்தார்.
மச்சான்கள், மச்சான்களின் மச்சான்கள்.
எல்லோரும் முதல் மாதம்
கராஜின் அட்டைப்பெட்டி மேல்தான் படுத்தார்கள்.
அவர்களின் கல்யாணத் தேதியைக்கூட அவரே குறித்தார்,
ரமலான் சீசனில் வண்டி அதிகம் வராது என்று கணக்குப் பார்த்து.
எதிர்த்துப் பேசியவன் என் தம்பி ஜெய்லானி மட்டும்.
"கையில கிரீஸ் ஒட்டாத வேலைக்குப் போறேன்" என்றான்.
துபாயில் செல்போன் விற்றான்.

ஆறு வருடம் இருவரும் பேசவில்லை.
ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஜெய்லானியின் கார் கீழே நிற்கும்.
சாவி முன்டயரின் மேல்.
அவன் மேலே வரமாட்டான்,
எதிர்க் கடையில் சாயா குடித்துவிட்டு
டாக்சியில் போய்விடுவான்.
மறுநாள் வந்தால் ஆயில் மாற்றியிருக்கும்.
வைப்பரில் ஒரு துண்டுச் சீட்டு:
ஆயில் எழுபது, ஃபில்டர் இருபத்தைந்து,
கூலி இல்லை.
தொண்ணூற்றைந்து திர்ஹத்தை
நான்தான் சமையலறை டப்பாவில் போடுவேன்.
வாப்பா எண்ணிப் பார்த்துதான் எடுப்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்
கண்ணை மூடிக்கொண்டு
சுவரோரம் இருந்த ஏசியைச் சுட்டினார்.
"பேரிங் போச்சு. மாத்தச் சொல்லு."
நர்ஸ் அவருக்கு வலி என்று நினைத்தாள்.

கபருஸ்தானுக்குப் பெண்கள் போகவில்லை.
ஜெய்லானி சொன்னதைத்தான் சொல்கிறேன்:
கல்லில் பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும்.
பக்கத்தில் குழி தோண்டிய சின்ன ஜேசிபி
நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது,
நடுவில் ஒரு துடிப்பு தவறியபடி.
பதினொரு பேரில் வந்திருந்த எட்டுப் பேரும்
லேசாகத் தலையைச் சாய்த்தார்களாம்,
யாரோ சொல்லப்போவதுபோல.
யாரும் சொல்லவில்லை.
மண்ணள்ளிப் போட்டார்கள்.

"கட்டத்தை மாற்ற முடியுமா?" என்று கேட்டேன்.
"எதை, மேடம்?"
"தொழில்."
சிஸ்டம் ஏற்காது என்றாள்.
நல்ல பெண். கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.
ரசீது கொடுத்தாள். நூற்று முப்பது திர்ஹம்.

வீட்டுக்கு வந்தபோது
ஜெய்லானியின் கார் கீழே நின்றது.
கண்ணாடியில் வாப்பாவின் கையெழுத்து ஸ்டிக்கர்:
அடுத்த ஆயில் 1,48,000.
எட்டிப் பார்த்தேன், ஒன்றரை லட்சம் தாண்டியிருந்தது.
சாவி டயர் மேல் இருந்தது,
பழக்க தோஷம்.

எடுத்துக்கொண்டேன்.
எதிர்க் கடையில்
சாயாவை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தவனிடம்
சாவியைக் காட்டி
லிஃப்ட் பக்கம் கை நீட்டினேன்.